மிக்கேலின் இடப்பக்கம்

மரியே வாழ்க

சேலம்,
7-9-1961

அன்புள்ள தோமினிக் அண்ணனுக்குத் தங்கை செல்வமேரி எழுதுவது.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவிடமிருந்து திரும்பி வந்த மிக்கேலைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவன் வலது காதை என் பக்கம் திருப்பி, தலையைச் சாய்த்து, "என்னக்கா" என்றான். ஆறு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்காது. நம் வீட்டில் அப்படித் தலையைச் சாய்த்துக் கேட்பது நான்தான்.

எட்டாவதோடு ஏன் படிப்பை விட்டாய் என்று இரண்டு கடிதங்களில் கேட்டீர்கள். அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்க என்று எழுதினேன். அது பொய். நீங்கள் கோலாருக்குப் போன அடுத்த வருஷம், லாரியிலிருந்து இறங்கி வந்த அப்பாவுக்குச் சோறு ஆறியிருந்தது. இடது கன்னத்தில் ஒரே அறை. அவர் மோதிரம் என் தோட்டில் மாட்டிக் காது மடல் இரண்டாகக் கிழிந்தது. பிறகு சீழ் பிடித்தது, பிறகு அந்தப் பக்கம் கேட்காமல் போயிற்று. டீச்சர் கேள்வி கேட்டால் சும்மா நிற்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் நின்றுவிட்டேன். இப்போது அந்தக் காதை மூடித்தான் தலை பின்னிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் ராட்டையில் நூல் சுற்றப் போகிறேன். அங்கே யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

எதிரில் நிற்கும் பிள்ளையை வலது கையால் அறைந்தால் இடது காதில்தான் விழும். அம்மாவைக் கூப்பிட்டு மிக்கேலின் காதைக் காட்டினேன். உள்ளே ரத்தம் காய்ந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் விளக்கு வைத்துப் பார்த்த டாக்டர், ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இனிமேல் அவனை அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பிள்ளை அம்மாவிடம் இருக்கலாம், ஆனால் ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஜில்லா கோர்ட்டின் உத்தரவு. அது உங்களுக்குத் தெரியும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "உத்தரவை மீறுனா என்னை ஜெயில்ல போட்டுட்டு, இவனை ஒரேயடியா உங்கப்பங்கிட்டக் குடுத்துருவாங்க சாமி. அப்பறம் ஏழு நாளும் அடிதான்" என்றாள். ஞாயிறு காலையில் அவனைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுக் கோவிலுக்குக் கூட்டி வந்தாள்.

பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. எல்லோரும் தலை குனிந்தார்கள், அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மிக்கேலின் கையைப் பிடித்துப் பக்கவாசல் வழியாக வெளியே வந்து, பனமரத்துப்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். பொழுது சாயும் வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் தண்ணீரில் கல் எறிந்து விளையாடினான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். பூசை முடிந்து பிள்ளையைத் தேடி வாசலுக்கு ஓடி வந்தவளை, அப்பா கூந்தலைப் பிடித்துக் கீழே தள்ளி, கையை மிதித்து எலும்பை முறித்துவிட்டார். சனங்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அந்த அடி என்னால் விழுந்தது அண்ணா. ஆனாலும் அடுத்த இரண்டு ஞாயிறும் விடிவதற்கு முன்பே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கட்டுப்போட்ட கையோடு கோவில் வாசலில் போய் நின்று, பிள்ளையைக் காணோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாம் ஞாயிறு அதைக் கேட்டதும் அப்பா வீட்டுக்கே வந்தார். கதவை உதைத்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார், பானைகளை உடைத்தார், மாதா சுரூபத்தைச் சுவரில் அடித்தார். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி அக்கா உலக்கையோடு வந்து நின்று, "லாரிக்கு மட்டுந்தான் பிரேக்கா, உனக்குக் கெடையாதா? இன்னொரு அடி முன்னால வெச்சுப் பாரு, மண்டை ரெண்டாயிரும்" என்றாராம். அப்பா போய்விட்டார். அவர் மனுப் போட்டு, அடுத்த வாரம் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. வேண்டுமென்றே உத்தரவை மீறிப் பிள்ளையை ஒளித்து வைத்த அம்மாவை ஏன் சிறையில் அடைக்கக் கூடாது என்று கேட்டிருந்தது.

நம் கேஸை நடத்தும் பாலசுந்தரம் வக்கீலிடம் போனோம். டாக்டர் சீட்டைப் பார்த்து அவர் கோபப்பட்டார். "இதை அன்னைக்கே கொண்டு வந்திருந்தா உத்தரவை மாத்தச் சொல்லி மனுப் போட்டிருப்பேன். இப்ப நீங்க மீறிட்டு வந்து காரணம் சொல்றீங்க. வேணும்னு செஞ்சீங்களாங்கறதுதான் கேஸே" என்றார். அம்மா என் பக்கம் திரும்பாமல், "நான்தாங்க ஒளிச்சு வெச்சேன்" என்றாள். அப்படியானால் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டு, வரும் ஞாயிறு முதல் பிள்ளையை அனுப்புவதாக எழுதிக் கொடுத்துத் தப்பிக்கலாம், வேறு வழியில்லை என்றார் வக்கீல்.

உத்தரவு அம்மா பேருக்குத்தான் இருக்கிறது. கூட்டிப் போனது நான் என்று சொன்னால் அம்மாவுக்கு ஜெயில் இல்லை, மன்னிப்பும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கூண்டுல ஏறுனா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. காது ஊருக்கே தெரிஞ்சு போகும். அப்பறம் உன்னை யாரு கட்டுவா? நீ வாயத் தொறக்காதே" என்றாள். கோவிலில் உபதேசியார் ஞானோபதேசக் கேள்வி கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்வேன். வாய்தா பதினாலாம் தேதி.

அப்பாவுக்கென்று வெட்டுக்கத்தி தீட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நாளை மாதா பிறந்த நாள். எங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

தங்கை,
செல்வமேரி

சேலம்,
15-9-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். மிக்கேலும் இருக்கிறான். இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

கோர்ட்டில் நம் வக்கீல் மன்னிப்புக் காகிதத்தை நீட்டினார். அதில் அம்மாவின் இடது பெருவிரல் ரேகை இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதா என்று ஜட்ஜ் ஐயா கேட்டார். அம்மா கட்டுப்போட்ட கையைக் காட்டி, "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேனுங்க" என்றாள். இத்தனை வருஷமும் எல்லா அடிக்கும் அம்மா சொன்ன கிணற்றடி அது.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். உட்காரும்படி டவாலி போட்ட சேவகர் அதட்டினார். "பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போனது நானுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். பாலசுந்தரம் வக்கீல் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்கள். மணி அடித்ததையும் ஏரிக்கரையையும் சொன்னேன். ஆத்தாவைக் காப்பாற்ற மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பாவின் வக்கீல் சிரித்தார். ஜட்ஜ் ஐயா அப்பாவிடம் திரும்பி, முதல் ஞாயிறு இந்த அம்மாள் கோவில் வாசலில் இருந்தாளா என்றார். "நின்னாளுங்க" என்றார் அப்பா. "பிள்ளையை ஒளிச்சு வெச்சவ எதுக்கு உன் முன்னால வந்து நிக்கணும்?" என்று ஜட்ஜ் ஐயா கேட்டார். அப்பா தன் வக்கீலைப் பார்த்தார். "அப்புறம் நீ என்ன செஞ்சே?" "பிள்ளை எங்கேன்னு கேட்டேனுங்க." "எப்படிக் கேட்டே?" அப்பா அம்மாவின் கட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு ஜட்ஜ் ஐயா என்னிடம், ஏன் அப்படிச் செய்தாய் என்றார். அறையில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.  இடப்பக்கத்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் காட்டினேன். பின்வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். அதற்குப் பிறகுதான் வக்கீல் மிக்கேலின் டாக்டர் சீட்டைக் கொடுத்தார்.

அம்மா வேண்டுமென்று மீறவில்லை என்று அப்பாவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நவம்பரில் முழு விசாரணை நடக்கும் வரை ஞாயிற்றுக்கிழமை ஒப்படைப்பும் கிடையாது. இப்படி ஏதாவது நடந்தால் கோர்ட்டுக்கு வா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாதே என்று ஜட்ஜ் ஐயா என்னைக் கண்டித்தார். சரி என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு, "இனிமே கெணத்தடியச் சொல்ல முடியாது" என்றாள்.

நவம்பரில் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமாம். நீங்கள் வீட்டை விட்டு ஓடும்படி அப்பா என்ன செய்தார் என்று உங்களுக்குத்தான் தெரியும். கத்தியோடு வந்தால் நீங்கள் சாட்சியாக இருக்க முடியாது அண்ணா. வெறுங்கையோடு வாருங்கள். கூண்டில் ஏறினால் முதலில் கால் நடுங்கும், அப்புறம் நின்றுவிடும்.

நேற்றுக் கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது, அப்பா வேப்பமரத்தடியில் எங்களுக்கு இடப்பக்கமாக நின்றிருந்தார். "மிக்கேலு" என்று கூப்பிட்டார். மிக்கேல் வலப்பக்கம் திரும்பி யாரென்று தேடினான். "ஒரு நாளைக்கு மூணு பேரு மேலயும் லாரிய ஏத்தறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே அப்பா கையை ஓங்கி எங்கள் பக்கம் வந்தார்.

நான் மிக்கேலின் இடப்பக்கம் மாறி நின்றுகொண்டேன்.

தங்கை,
செல்வமேரி