முடியுமா, போகலாமா

அப்பா,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் ஹெட்டி உங்களிடம், “தாத்தா, பாத்ரூம் போக முடியுமா?” என்றுதான் கேட்டாள். ஐந்து வயதுக் குழந்தை. நீங்கள் ஆட்டிறைச்சியை அறுத்துக்கொண்டே, “முடியுமான்னு என்னைக் கேட்டா? கால் உன்னுதுதானே!” என்றீர்கள். பக்கத்து வீட்டு பென்ரோஸ் தம்பதி சிரித்தார்கள். அவள் மறுபடியும் அதையே கேட்டாள்.

“‘கேன்’ இல்ல கண்ணு, ‘மே’. போகலாமான்னு ஒழுங்கா கேளு, அப்புறம் எழுந்திரு.”

அந்தச் சொல் நினைவுக்கு வருவதற்குள் நாற்காலி நனைந்துவிட்டது. சமையலறையிலிருந்து நான் ஓடி வந்தபோது, அவள் தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீங்களோ, “இனிமே மறக்க மாட்டா” என்றீர்கள். பள்ளியில் இத்தனை வருடம் ஆங்கில இலக்கணம் நடத்தியவர், ஒரு குழந்தையின் முகத்தைப் படிக்கவில்லை.

ஆமாம், அவள் மறக்கவில்லை. நேற்று வெகுநேரம் குழாயைப் பார்த்தபடி நின்றாள்.

“தண்ணி வேணுமாடா?”

“எப்படிக் கேக்கணும்னு தெரியலம்மா.”

அவள் பயமில்லாமல் கேட்கிற நாள்வரை நீங்கள் இங்கே வரவேண்டாம். ரயில் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, உங்களால் வர முடியும். ஆனால் வரக் கூடாது.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா