யோகேந்திரன் அண்ணையின் விரல்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? எண்ணெய் பூசுகிறீர்களா? நான் நல்ல சுகம். இங்கே பனி முழங்கால்வரை கிடக்கிறது, வேறு குறை இல்லை.

எனக்கு வேலையில் உயர்வு கிடைத்திருக்கிறது. வேட்டைத் துவக்கில் பூட்டும் கண்ணாடி செய்கிறோம் என்று சொன்னேனே, அது இருட்டில் ஆளையும் ஆளின் உடம்புச் சூட்டையும் ஒரே படமாகக் காட்டும். அதைச் சோதிக்கப் பின்வளவில் ஓர் ஆள் நிற்கவேண்டும். கோட் சூட்டை மறைக்கும் என்று அதைக் கழற்றச் சொல்வார்கள். புதிதாக வந்தவள் என்பதால் இவ்வளவு நாளும் நான்தான் நின்றேன். அந்த இருமல் அதனால் வந்ததுதான், இப்போது மாறிவிட்டது.

நேற்றுப் பின்னேரம் முதன்முதலாக என்னை உள்ளே நின்று அந்தக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கவிட்டார்கள். வெளியே நின்றவர், எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்த யோகேந்திரன் அண்ணை. படம் உடனே தெளிவாக வந்துவிட்டது. ஆனால் மேலாளர் பக்கத்தில் நின்றார். கெதியாக முடித்தால் என்னைத் திரும்ப வெளியே அனுப்பிவிடுவாரோ என்றிருந்தது.

"பிள்ளை, காணுமோ? உள்ளே வரட்டோ? கை விறைக்குது!" என்று அண்ணை கத்தினார்.

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை."

படத்தில் சூட்டால் வெள்ளையாகத் தெரிந்த அவருடைய விரல்கள் குளிர்ந்து ஒவ்வொன்றாகக் கறுத்து மறையும்வரை பார்த்தேன். "நல்ல பொறுமை. இனி நீதான் பார்க்கிறாய்," என்றார் மேலாளர்.

யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூளும் உங்கள் முழங்கால் எண்ணெயில் ஒரு போத்தலும் கொடுத்துவிடுங்கோ. எண்ணெய் அண்ணைக்கு. நாளைக்கும் அவர்தான் நிற்கிறார்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. கவலைப்படாதேங்கோ அம்மா, எனக்கு இனிக் குளிராது.

மகள்,
சாம்பவி