எலிக்கு ஒன்றும் ஆகவில்லை

வளப்பூர் நாடு
12.6.2025

அன்புத் தம்பி தனபாலுக்கு அக்கா எழுதுவது.

நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. உன் மாமா போய்ப் பதினோரு நாள் ஆகிறது. சாவு எடுப்புக்கு வந்தவன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

குடலில் இருந்த கட்டி பாதியாகக் கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அதே வாரம், மூன்றாவது ஊசியில் நுரையீரல் கெட்டுப் போனார். அங்கே அவருக்கு நோயே இல்லையே சாமி! புது மருந்து வேண்டாம் என்று மரவள்ளிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட மனுசன். "எங்க லேப்லயே பார்த்தமுங்க மாமா, எலிக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்று நீ சொன்ன பிறகுதான் சம்மதித்தார். எலிக்கு ஆகாதது அவருக்கு ஏன் ஆனது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது கண்ணு.

உன் அக்கா,
பெருமாயி

பெங்களூரு
18.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த மருந்து ஒரு ஆன்டிபாடி. மனிதச் செல்லின் மேல் இருக்கிற ஒரு புரதத்தைத் தேடிப் போய்ப் பிடிக்கும். எலிக்குள் மனிதக் கட்டியை வளர்த்து ஊசி போட்டோம். கட்டியைப் பிடித்தது, கரைத்தது. எலியின் சொந்த உடம்பில் அந்தப் புரதம் வேறு மாதிரி. இந்த மருந்துக்கு அதை அடையாளமே தெரியாது. அதனால் எலிக்குக் கெடுதல் வர வழியே இல்லை. மனித நுரையீரலில் அந்தப் புரதம் கொஞ்சம் உண்டு, மருந்து அங்கேயும் போய்ப் பிடித்துவிட்டது. குரங்கின் நுரையீரலிலும் அதே புரதம் உண்டு.

குரங்கில் பார்த்தே ஆகவேண்டும் என்று கூட வேலை செய்யும் ரோஸ்லின் சொன்னார். ஒரு வருஷம் தள்ளிப் போகும் என்று மேலே மறுத்துவிட்டார்கள். 'பாதுகாப்பானது' என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். கட்டி கரைவதைப் பார்த்த ஆசையில் மாமா பிழைத்துவிடுவார் என்று நம்பினேன், சத்தியமாக.

இதை யாரிடமும் காட்ட வேண்டாங்க அக்கா. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். முப்பதாம் நாள் கருமாதிக்கு வந்துவிடுகிறேன்.

தம்பி,
தனபால்

வளப்பூர் நாடு
25.6.2025

தனபாலுக்கு,

புரிந்தது. மிளகுக்கு வாங்கிய மருந்தை வாழையில் அடித்துப் பார்த்துவிட்டு, வாழை வாடவில்லை, தைரியமாக அடி என்றிருக்கிறாய். அவர் அஞ்சாவது தாண்டாதவர். புது மருந்து என்றால் வேலியோரத்து மிளகுக் கொடி ஒன்றில் அடித்து, மூன்று நாள் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்குள் போவார்.

தெரியாமல் செய்திருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். தெரிந்தே, மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே செய்தாயே!

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் நாலு பேருக்கு அதே ஊசி ஏறுகிறதாம். நேற்று முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் போய், பெரிய டாக்டர் கையில் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தார், ஊசியை நிறுத்தச் சொன்னார். இதை எழுதினது யார் என்று கேட்டார். "என் கூடப் பொறந்தவனுங்க" என்றேன்.

கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பெரியப்பா மகன் சின்னக்கண்ணு எடுத்து வருகிறான். நீ வர வேண்டாம்.

பெருமாயி