சந்தனம் இறுகிய ஷாக் டார்ச்

கோச்சடை, மதுரை
கார்த்திகை 6

அன்பு மகள் ஜோதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ புனேயில் நலமாக இருப்பாய் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று நீ முடித்துவிடுகிறாய், நானும் கடையில் ஆட்கள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாய் நெடி என்று எத்தனை தடவைதான் சொல்வது. அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. லிஃப்ட் ஓடவில்லை என்று நீ படியில் இறங்கியது, மேல் வீட்டுக்காரன் வழியை மறித்து நின்றது, நீ கரண்ட் அடிக்கிற அந்த ஷாக் டார்ச்சை எடுத்து சுவிட்சைத் தள்ளத் தள்ள அது நகராமல் நின்றது, அவன் சிரித்துக்கொண்டே உன் மணிக்கட்டைப் பிடித்தது. அதுவும் பட்டப்பகல் பத்து மணிக்கு. வீட்டு வேலை செய்கிற அந்த அம்மா வாளியோடு ஏறி வந்து சத்தம் போடாமல் இருந்திருந்தால் என்பதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. சுவிட்ச்சுக்குள்ள சந்தனம் இறுகிப்போய்க் கெடந்துச்சும்மா என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். எனக்குச் சிரிக்க முடியவில்லை தாயி.

அந்தச் சந்தனத்தை வைத்தவள் நான். ஆயுத பூசைக்கு நீ வந்திருந்தபோது கடையில் தராசு, கோணி ஊசி, சாக்குத் தைக்கிற மெஷின், கால்குலேட்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன், உன் பையிலிருந்து டார்ச்சையும் எடுத்து வைத்தேன். பிள்ளையைக் காக்கிற ஆயுதம் ஆயிற்றே என்று மற்றதற்கெல்லாம் ஒரு விரலால் வைத்த பொட்டை அதற்கு மட்டும் மூன்று விரலால் அப்பினேன். பன்னீர் விட்டுத் தண்ணீராகக் குழைத்த சந்தனம், சுவிட்ச் இடுக்கில் இறங்கியது தெரியவில்லை. மறுநாள் ரயிலுக்கு நீ மேலாகத் துடைத்துப் பையில் போட்டாய். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிமிளகாயைப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் வாங்காதவள் நான், உன் கையில் கொடுத்ததை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கவில்லை. டார்ச்சை வாங்கின அன்றைக்கு மட்டும் அமுக்கிப் பார்த்தோம். விருமாண்டி மாமா, இதெல்லாம் கொசுக்கடி, நான் பாக்காத கரண்டா என்று தொடையில் வைத்து அழுத்திவிட்டு மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்தவனுக்கு, அக்கா ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு என்பதற்கே கால் மணி நேரம் ஆனது. மிளகாய் சலிக்கிற பாண்டிச்செல்வி, என்ன அண்ணே கொசு பெருசோ என்று கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் ஏமாந்தேன். ஒரு நாள் வேலை செய்தது என்றைக்கும் வேலை செய்யும் என்று நம்பிவிட்டேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரே பேச்சாக இருக்கிறார். பிள்ளையக் கூட்டியாந்துரு, இங்க இல்லாத வேலையா, இங்க நம்ம ஆளுக இருக்காக என்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உனக்குச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம், பேரையூரிலிருந்து காலை பஸ்ஸில் சாம்பிள் மிளகாய்ப் பையோடு மதுரைக்கு வருவேன். பின்னால் நின்றவன் கையை என் கோணி ஊசியால் ஒரு நாள் குத்திவிட்டேன். அவன் ஐயோ என்று கத்தினான். பஸ் நிறைய நம்ம ஆட்கள்தான். கண்டக்டர் என்னைத்தான் பார்த்து, ஏம்மா, கூட்டம்னா முன்னப்பின்ன படத்தான் செய்யும், அனுசரிச்சுப் போகத் தெரியாதா என்றான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் அப்பார்ட்மெண்ட் செக்ரட்டரி, அவர் நல்ல குடும்பத்து ஆள், பெரிசு பண்ண வேண்டாம் என்று உன்னிடம் சொன்னாராமே, அந்தக் கண்டக்டர் இங்கிலீஷ் படித்துவிட்டுப் புனேக்குப் போனது போல் இருக்கிறது. ஊசி போய் ஷாக் டார்ச் வந்திருக்கிறது, பேச்சு மாறவில்லை. எனக்கு அலுத்துப் போய்விட்டது ஜோதி.

வந்துடவாம்மா என்று கேட்டாய். வா என்று எழுதத்தான் ஆசை, ஆனாலும் எழுதமாட்டேன். அவன் மேல் மாடியில் இருக்க நீ எதற்கு வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். செக்ரட்டரியை விடு, ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடு, ரசீது வாங்காமல் எழுந்திருக்காதே. அந்த வேலைக்கார அம்மாவைச் சாட்சிக்குக் கேள், முதலில் அவர் பேரைக் கேள், இத்தனை நாளாகியும் உனக்குப் பேர் தெரியவில்லை என்றது எனக்குப் பிடிக்கவில்லை. பார்சலில் உள்ள சுங்குடிச் சேலை அவருக்கு, நீ கட்டிக்கொள்ளாதே. இதையெல்லாம் செய்த பிறகும் அங்கே இருக்க மனசில்லை என்றால் கிளம்பி வா, ஏன் என்று கேட்க மாட்டேன். பயந்து வராதே, அவ்வளவுதான்.

புது ஷாக் டார்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன், சந்தனம் குங்குமம் எதுவும் இல்லாமல். வீட்டை விட்டு இறங்கும் முன் தினமும் ஒரு தடவை அமுக்கிப் பார், நான் கடை திறந்ததும் படிக்கல்லை வைத்துத் தராசைப் பார்ப்பது மாதிரி. கையில் இது இருக்கிறது என்று நின்று பார்க்காதே. அன்றைக்கு நீ சுவிட்சைத் தள்ளிக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு மாடி இறங்கி ஓடியிருக்கலாம். அவன் உடம்பில் ஒட்ட வைத்தால்தான் வேலை செய்யும், தடித்த ஜாக்கெட் போட்டவனிடம் அதுவும் சந்தேகம். முதலில் கத்து, ஓடு, ஓட வழியில்லை என்றால்தான் இது.

மடப்புரத்துக் காளி உனக்கு முன்னும் பின்னும் நிற்கட்டும், நீ நூறு வருஷம் நிமிர்ந்து நடக்க வேண்டும். பழைய டார்ச்சைத் தூக்கிப் போட்டுவிடாதே, அடுத்த பார்சலில் மறக்காமல் திருப்பி அனுப்பு. ஊசியால் இடுக்கைச் சுரண்டிச் சரிபண்ணி நான் வைத்துக்கொள்கிறேன். சரக்குப் பார்க்கப் பேரையூருக்கு இன்னும் அதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஐம்பத்து நாலு வயதாகிறது, போன செவ்வாய்க்கிழமையும் ஊசியை எடுக்க வேண்டியிருந்தது.

உன் அம்மா,
முத்துமீனா