முனியாண்டிக்கு ஒரு சுருட்டு

ரிங்லெட்,
ஜூலை 1978

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலியை வைத்துக்கொண்டு மலையுச்சிக்கு ஏன் ஏற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடப் பாடத்துக்குச் செடி சேகரிக்கத்தான் வந்தேன், அது மலையடிவாரத்திலேயே கிடைக்கிறது. ஆனாலும் ஏறினேன். நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

இருமுறை பாதியில் திரும்பிய மலை. இன்று உச்சியைத் தொட்டுவிட்டேன்!

தேயிலை முடிந்து காடு தொடங்குமிடத்தில் முனியாண்டி கல் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் வேலாயி வழக்கம்போல் மறித்தாள்.

"சுருட்டு வெச்சிட்டுப் போங்க டீச்சர். வெக்காமதான் ரெண்டு வாட்டியும் திரும்பி வந்தீங்க."

"வேணாம், ஒங்க சாமிக்கு இருமல் வந்துரும்" என்றேன். சாமி கும்பிடாத உங்கள் மகளல்லவா?

வழுக்கும் வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் மரமெல்லாம் பாசி, காலுக்குக் கீழே மேகம். வாய்விட்டுச் சிரித்தேன். கேட்க யாருமில்லை.

இறங்கியதும் வேலாயி சொன்னாள்: "ஒங்க பேருல நானே வெச்சிட்டேன்லா. அதான் ஏறிட்டீங்க!"

முழங்காலுக்குத் தைலம் அனுப்புங்கள். கடிதம் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். விடுதியில் விளக்கை அணைக்கப் போகிறார்கள்.

மகள்,
நாகம்மை

மறுநாள்: இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்க டவுனுக்குப் போனபோது ஒரு கட்டுச் சுருட்டு வாங்கினேன். வேலாயி பார்க்காத நேரத்தில் கல்லடியில் ஒன்றை வைத்தேன். அடுத்த மலை இதைவிட உயரம்.