வெளுத்துப்போன பென்ஷன் சீட்டுகள்

டிசம்பர் 3, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். பட்டினப்பாக்கம் முழுக்க ஈரத்துணி நாற்றம். மகள் கொடுத்த போனில் மைக்கை அமுக்கிப் பேசினால் எழுதிக்கொள்ளுமாம். எழுதுகிறதா என்று படிக்கத் தெரியாதவன் எப்படிப் பார்ப்பது? இருக்கட்டும். சாட்சிக்கு.

தனத்தின் கம்பி ஷூ உடைந்துவிட்டது. சின்ன வயதில் போலியோ வந்த கால். ஷூ இல்லாவிட்டால் என் பெண்டாட்டி கக்கூசுக்குக்கூடச் சுவரைப் பிடித்துத்தான். செருப்பு தைக்கிறவன் பார்த்தான். "கம்பியே வளைஞ்சி கீது நைனா. புச்சு வாங்கு."

மத்தியானம் செல்வம். ரேகை மிஷின்காரன். மாசாமாசம் வாசலிலேயே தனத்தின் கட்டைவிரலை வைத்து ஊனமுற்றோர் பென்ஷனை எடுத்துத் தருகிறவன். "வழக்கம்போல குடுப்பா" என்றேன். கொடுத்தான். சீட்டு வாங்கிக் கம்பியில் குத்தியாயிற்று.

டிசம்பர் 4, புதன்
எதிர்வீட்டு லூர்து, போட் என்ஜினில் ஒரு கை போனவன். அவனுக்கும் அதே பென்ஷன், அதே செல்வம். "எனுக்குப் போன வருசமே ஏத்திட்டாங்களே நைனா. உனுக்கு ஏறலியா?"

அவன் சொன்ன மாசத்திலிருந்து எண்ணினால் பதினாலு மாதம். செல்வம் புது வண்டி எடுத்தது போன வருஷத் தீபாவளிக்கு. சீட்டு நீட்டும்போது ஒரு சிரிப்பு வேறு. ஏன் அந்தச் சிரிப்பு?

பென்ஷன் ஆயிரம் ஆனபோது: ரெண்டு சிலிண்டர், மீதியில் ஒரு கூறு நெத்திலி.
இப்போது, அதே ஆயிரத்துக்கு: ஒரு சிலிண்டர், தூக்கி வந்தவனுக்கு டிப்ஸ், கொஞ்ச நாள் பால்.
நடுவில் டீ எத்தனை தடவை ஏறியது, எந்தக் கடையில் முதலில், எந்த மாசம், எல்லாம் சொல்வேன். பென்ஷன் ஏறியது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி
மழை விட்டது. டீக்கடையில் செல்வம். பத்துப் பேர் முன்னால் கேட்டேன். "கால் வராதவ காசுல வண்டி ஓட்டுறியே, பெட்ரோலா ஊத்துற, அவ கஞ்சிய ஊத்துறியா?"

முகம் செத்துவிட்டது அவனுக்கு. "நீ கேட்டதத்தான் குடுத்தேன் தாத்தா. இனிமே உன் வூட்டு வாசல்ல கால் வெக்க மாட்டேன்."

திருடனுக்கு ரோஷம் வராதா என்ன?

வீட்டுக்கு வந்து கம்பியிலிருந்த சீட்டுகளை உருவினேன். பழையதெல்லாம் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. வெளுக்கிற தாளாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 9, திங்கள்
தனத்தைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து மயிலாப்பூர் பேங்க். மாடவீதியில் நகரவே இல்லை. கவுண்டர் பெண் விரலை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். "யாரும் எடுக்கலை தாத்தா. ஏத்தின பணம் அப்படியே உள்ள இருக்கு. நீங்க மாசாமாசம் பழைய தொகையத்தானே கேட்டிருக்கீங்க."

தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோவில் சொன்னாள். "பதினாலு மாசம்யா. நீயும் உன் 'வழக்கம்போல'வும்."

சரி. லூர்து "எவ்ளோ கீதோ அத்தினியும் எடு" என்பானாம். ஆனால் மிஷினில் மீதி தெரியுமே. செல்வம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சேர்த்து வைக்கிறோம் என்று நினைத்திருப்பான் என்கிறாள் தனம். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

டிசம்பர் 12, வியாழன்
அடையாறில் ஷூ. போன வருஷம் விசாரித்த விலை எனக்கு மறக்கவில்லை. இன்று கடைக்காரன் சொன்னது வேறு விலை. பணம் பேங்கிலேயே படுத்திருந்தது, ஷூ விலை அதற்குள் ஏறிவிட்டது. வாங்கியதில் சேர்ந்தது கிட்டத்தட்ட காலி. மிச்சம் என் பஸ் டிக்கெட்டுக்கு. அவளுக்கு இலவசம்.

ஜனவரி 6, திங்கள்
பனி. செல்வம் லூர்து வீடு வரை வந்தான். எங்கள் வாசல் பக்கம் தலை திரும்பவில்லை. பேங்குக்கே போவதென்றால் ஏற்றிக் கொடுத்தது மொத்தமும் ஆட்டோவுக்குத்தான். எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

பின்னால் டக் டக். தனம், புது ஷூவில், தானே தெருவைத் தாண்டி வந்தாள்.

"இந்தக் கெயவன் பேச்ச வுடு நைனா. உள்ள எவ்ளோ கீது, மொதல்ல அத்த சொல்லு."

விரலை வாங்கி வைத்தான். தெருவுக்கே கேட்கிற மாதிரி தொகையைச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்ளோ எடுக்கட்டும் தாத்தா?"

வழக்கம்போல என்று நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அவளக் கேளு."