உன் குரல் வராத ஞாயிறுகள்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மாமாவும் வழக்கம்போல ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறான். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் அதைக் கேட்கவே இந்தத் தடவை எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசி முடித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நேற்று வேலையில் ஒரு கட்டு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன், சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்தச் சட்டையைப் போடறவன் தலைகீழா நடப்பானா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அத்தனையையும் உட்கார்ந்து பிரித்தேன். கை பிரித்துக்கொண்டே இருந்தது, நினைப்பெல்லாம் உன்னிடத்தில்தான்.

நீ விட்டுப்போன கணினியை யாரையும் தொட விடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். மாமா ஒரு நாள் வந்து, "அக்கா, இது ஆமை மாதிரி ஊருது, நான் புது சிஸ்டம் போட்டுத் தர்றேன், அப்புறம் பாரு பறக்கும்" என்றான், நானும் சரி போடு என்றுவிட்டேன். பறக்கத்தான் செய்தது, ஆனால் சத்தம் போய்விட்டது. திரையின் மூலையில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் படத்தின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா வயரைப் பிடுங்கிச் சொருகினான், ஸ்பீக்கரைத் தட்டினான், தன் வீட்டு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டினான், ஒன்றுக்கும் அது வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது உன் முகம் வந்தது, குரல் வரவில்லை. கேமராவிலேயே மைக் இருப்பதால் என் குரல் மட்டும் உனக்குப் போய்க்கொண்டிருந்தது. கேட்கவில்லை என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரைத் தொட விட்டாய் என்று நீ கேட்பாயே என்று பயம், வேலை செய்து களைத்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையை இதைச் சரிசெய்ய வைத்து அந்தக் கொஞ்ச நேரத்தையும் பிடுங்க வேண்டாமே என்றும் ஒரு நினைப்பு. இரண்டையும் எழுதுகிறேன், எது பெரிது என்று கேட்டால் பயம்தான் பெரிது.

அதைவிட எனக்கு ஒரு திமிரும் இருந்தது சின்னு. தையல் மெஷின்கள் ஓடுகிற ஹாலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, நாங்கள் வாயசைவைப் பார்த்தே மாமியார் சண்டை வரைக்கும் பேசி முடித்துவிடுவோம். அப்படியிருக்க நான் பெற்ற பிள்ளையின் வாய் எனக்குப் புரியாதா என்று நினைத்தேன். அந்தத் திரையில் படம் விட்டு விட்டு வரும், உதடு ஒரு பக்கம் நிற்கும் கண் ஒரு பக்கம் போகும், அது தெரிந்தும் நினைத்தேன். நீயும் எப்போதும் ஒரே வரிசையில்தானே கேட்பாய். முதலில் சாப்பிட்டாயா, பிறகு கால் வலி எப்படி, பிறகு மருந்து வாங்கி அனுப்பட்டுமா. நான் முதல் கேள்விக்குத் தலையாட்டுவேன், இரண்டாவதற்குப் பரவாயில்லை என்பேன், மூன்றாவதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா, நீ உன் வேலையைப் பாரு" என்பேன். அதற்குப் பிறகு நீ பேசுகிறதற்கெல்லாம் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அப்பாவுக்கு ஞாயிறு பகலில் காவல் டியூட்டி, அதனால் பக்கத்தில் இருந்து கண்டுபிடிக்கவும் ஆள் இல்லை. இப்படியே நாலைந்து ஞாயிறு ஓட்டிவிட்டேன்.

மாமாவும் சும்மா இருக்கவில்லை. ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, டிரைவர்தான் இல்லை என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தான். கணினிக்குள் இருக்கிற ஒலிப் பகுதியை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற சின்ன நிரலாம் அது, பழையதை அழித்துப் புதுசு போட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டதாம். முதலில் எதையோ இறக்கினான், திரை முழுக்க விளம்பரமாகக் கொட்டியது, அதை ஒழிக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று. "நீ ரிப்பேர் பண்றியா, இல்ல கடை திறக்கறியா" என்று கேட்டேன், அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து மாடல் எண்ணை நான் விளக்கு பிடிக்க அவன் படித்தான். கணினியைச் செய்த கம்பெனியின் இணையதளத்தில் பழைய சிஸ்டத்துக்கான டிரைவர்தான் இருந்தது, புதியதற்கு இனி தருவதில்லை என்று போட்டிருந்தார்கள். பிறகு கணினிக்குள் இருக்கிற பாகங்களின் பட்டியலைத் திறந்து, மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டிருந்த வரியில் இருந்த நீளமான எண்ணை அப்படியே எடுத்துத் தேடினான், சத்தம் தருகிற சிப்பின் பெயர் வந்தது. அதற்குப் பொருந்துகிற டிரைவர் தளத்தில் பார்த்த அந்தப் பழையதேதான். அதையே இறக்கி, பழைய சிஸ்டத்தில் ஓடுவதாக நினைத்துக்கொள் என்று அதற்கு ஒரு குறி வைத்து ஏற்றினான், கணினியை அணைத்துத் திரும்பப் போட்டோம். டொய்ங் என்று ஒரு சத்தம். மாமா, "அக்கா, நான் சொன்னேன்ல" என்று கத்தினான். என்ன சொன்னான் என்று எனக்கு நினைவில்லை, ஆனால் நானும் கைதட்டினேன். இனி உனக்கு எதுவும் தெரியவே வேண்டாம், தப்பித்தோம் என்றுதான் அப்போது இருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. நீ கூப்பிட்டாய். படத்தில் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய் சின்னு, குரலில் சிரிப்பு இல்லை. இத்தனை வாரமும் நான் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "நீ அன்னைக்குச் சொன்னது சரிதாம்மா, எடுத்து வெச்ச துணியெல்லாம் திருப்பி அலமாரியில அடுக்கிட்டேன்" என்றாய். எனக்கு ஒன்றும் புரியாமல், நான் என்னம்மா சொன்னேன் என்று கேட்டேன். "ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் என்னை எப்படிப் பேசறாங்கன்னு வாரா வாரம் சொன்னேனே, தாங்க முடியலை, விட்டுட்டு வந்துடட்டுமாம்மான்னு கேட்டதுக்கு நீதானே அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், உன் வேலையைப் பாருன்னே" என்றாய். நான் மருந்துக்குச் சொன்ன பதில் அது. நீ வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டு நின்றபோது உன் அம்மா சிரித்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறாள். அப்போதே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், ம் என்பதற்கு மேல் வரவில்லை. நீயும் அதையே இன்னொரு பதிலாக எடுத்துக்கொண்டு சீக்கிரம் வைத்துவிட்டாய்.

அப்பா வந்ததும் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டார். "கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? புள்ள அங்க தனியா உக்காந்து என்ன நினைச்சிருக்கும்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது என்றுதான் எழுதுகிறேன். மாமா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், படிக்க மாட்டேன் என்றிருக்கிறான், படிப்பான், படிக்கட்டும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், முதலில் தூரம் போனவள் என்று தெருவில் நான் பெருமை பேசியதெல்லாம் உண்மைதான். அந்தப் பேச்சைக் காப்பாற்றுவதற்காக நீ அங்கே இருக்க வேண்டாம். ஒருவேளை இப்போது இருந்து பார்ப்போம் என்று உனக்கே தோன்றியிருந்தால் இரு, அது உன் முடிவாக இருக்கட்டும், நான் காதில் வாங்காமல் சொன்ன வார்த்தை அதைத் தீர்மானிக்க வேண்டாம்.

நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். வா. காரணம் எதுவும் யோசித்துக்கொண்டு வராதே, வந்து தூங்கு. வேலை பிறகு தேடிக்கொள்ளலாம், யாராவது ஏன் வந்தாய் என்று கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். நீ படுக்கிற பின்னறையில் இருந்த தையல் மூட்டைகளை அப்பா இன்று காலையில் கூடத்துக்கு மாற்றிவிட்டார், நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே, இதைப் படித்ததும் கூப்பிடு, கணினியை அணைக்காமல் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி ஒரு தடவை அதே கேள்வியைக் கேள், கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா